சண்டை பிடிக்காத கம்பனி

பெரிய வெள்ளியன்று பின்னேரம் பண்ணைக்காரர் யாகப்புவின் இறால் குளத்தில் இறால்கள் கரையோரமாக வந்து ஒதுங்கி, வெளிறிச் செத்துக் கிடந்தன. அதற்குக் காரணமான மூன்று பேரும் அந்த நேரம் மூன்று இடங்களில், மற்ற இருவருக்கும் ஒரு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு இருந்தார்கள்.

ஹிதாயா தில்லையடியில், உம்மாவின் குசினியில், நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். றொபி கற்பிட்டிப் பக்கம் தன் ஊர்க் கோயிலில் சிலுவையை முத்தமிடும் வரிசையில் நின்றான். ஷானிகா சிலாபம் போகும் பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்து நல்ல நித்திரை. குளத்தடியில் ஒரு குருவி கூட இல்லை. கரண்ட் போய், தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டும் சக்கரங்கள் நின்று, பழுதான ஜெனரேட்டர் கொட்டிலுக்குள் சும்மா கிடக்க, மதகைத் திறந்து தண்ணீர் எடுக்கவும் ஆளில்லாமல், குளம் மூச்சு முட்டிச் செத்தது.

இந்த மூவரும் சேர்ந்ததுதான் 'களப்புயிர்' என்ற கம்பனி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பிறந்து, வெளியே வந்து சொந்தக் காலில் நிற்கப் பார்த்த கம்பனி. ஹிதாயா கலாநிதிப் பட்டத்துக்காகக் களப்புச் சேற்றைத் தோண்டித் தோண்டி, இறால் குளத்தின் அடியில் சேரும் கழிவைத் தின்னக்கூடிய ஒரு பக்டீரியாக் கூட்டத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அதைப் போத்தலில் அடைத்துப் பண்ணைக்காரருக்கு விற்பதுதான் யோசனை. யாகப்புவின் குளத்தில்தான் முதலில் போட்டுப் பார்த்தார்கள். பண்ணைக்காரர் அதை 'மருந்து' என்பார்கள். 'மருந்தில்ல, உசிருள்ள சாமான்' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அவளும் மருந்து என்றே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அவளுடைய உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். ஹிதாயா பிறந்தது புத்தளத்தில். றொபி பொறியியல் படித்த கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பிள்ளை. மருந்தை அளவாக ஊற்றும் இயந்திரமும், தண்ணீரை அளக்கும் கருவிகளும் அவன் பொறுப்பு. ஷானிகா சிலாபத்துச் சிங்களப் பெண். முகாமைத்துவம் படித்தவள். தமிழும் சிங்களமும் அவள் வாயில் ஒரே ஓட்டத்தில் வரும். பண்ணைக்காரரில் பாதிப் பேர் சிங்களவர்கள் என்பதால் அவள் இல்லாமல் ஒரு போத்தல் விலைப்படாது.

பல்கலைக்கழகம் விடுமா? மூன்று பேரையும் களப்புக் கரையில் நிற்க வைத்துப் படம் பிடித்து, ஆளுயரத்துக்கு அச்சடித்து, வாசலில் மாட்டிவிட்டது. முக்காடு ஒன்று, கழுத்தில் சிலுவை ஒன்று, கையில் பௌத்தப் பிரித் நூல் ஒன்று. ஹிதாயாவும் கூட்டத்துக்குக் கூட்டம் போய் ஒரே வசனத்தைப் பெருமையாகச் சொல்லுவாள்: "எங்களுக்குள்ள இதுவரைக்கும் ஒரு சண்டை வந்ததில்ல." கேட்டவர்கள் கை தட்டினார்கள். கை தட்ட என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, பெரிய வெள்ளிக்கு வருவோம். அந்த வருடம் நோன்பும் பெரிய வெள்ளியும் ஒன்றாக விழுந்தன. அடுத்த கிழமை சித்திரை வருடப்பிறப்பு. குளத்துக் காவல்காரன் கத்தோலிக்கன். 'நாங்க பாத்துக்கொள்றம், நீங்க கோயிலுக்குப் போங்க' என்று அவனுக்கு லீவு கொடுத்தவள் ஹிதாயாதான். காலையில் அவளே குளத்தடிக்கு வந்து நின்றாள். நின்றுகொண்டு றொபிக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டாள்: 'வரவேணாம். உங்கட பெரிய நாள். நான் இருக்கிறன்.'

கொஞ்ச நேரத்தில் ஷானிகா வந்தாள். நோன்போடு ஒருத்தி வெயிலில் நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. "அனே, அக்கா, நீங்க போய்ப் படுங்க. எனக்கு இண்டைக்கு ஒண்டும் இல்ல, நான் நிக்கிறன்" என்று பிடிவாதமாக அனுப்பி வைத்தாள். உண்மையில் வீட்டில் அவளுடைய அம்மா வருடப்பிறப்பு வேலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வழி பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவள் சொல்லவில்லை.

காலைச் சிலுவைப்பாதை முடிந்ததும் றொபி ஷானிகாவுக்கு ஒரு கோல் எடுத்தான். அவள் தனியே நிற்கிறாள் என்றதும் அவனுக்கு மனம் கேட்கவில்லை. "தங்கச்சி, இண்டைக்குப் பஸ் குறைவு. நீங்க வெளிக்கிடுங்க, நான் இப்ப வாறன்" என்றான். அவள் வெளிக்கிட்டாள். அவனும் மோட்டார் சைக்கிளை எடுத்துப் புறப்பட்டான். பாதி வழியில் போன் கூவியது. அந்தக் கரையோரத்தில் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம். காலையில் ஹிதாயா போட்ட செய்தி அப்போதுதான் வந்து சேர்ந்தது. 'வரவேணாம். உங்கட பெரிய நாள். நான் இருக்கிறன்.'

ஹிதாயா திரும்பவும் வந்துவிட்டாள் என்று நினைத்தான். செய்தி போட்ட நேரத்தைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு கோல் எடுத்து 'உண்மையா நிக்கிறீங்களா' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நம்பாததுபோல ஆகிவிடுமே. அந்த மனுஷி தன் நோன்பையும் பாராமல் நமக்கு ஒரு மரியாதை செய்கிறாள், அதைத் தட்டக்கூடாது என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கோயிலுக்குப் போனான். இறால்களுக்கு வாய் இருந்திருந்தால் அன்று இந்த மூன்று நல்லவர்களையும் நன்றாக ஏசியிருக்கும்.

*

பெருநாளும் வருடப்பிறப்பும் முடிந்து பல்கலைக்கழகத்தில் விசாரணை. ஹிதாயா மட்டும்தான் அழைக்கப்பட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் தொழில்முயற்சிப் பிரிவின் பணிப்பாளரும், அவளுடைய பேராசிரியர் அத்தாஉல்லாவும் இருந்தார்கள். பேராசிரியர் அவளைக் கலாநிதிப் பட்டம் வரை கொண்டுவந்தவர். நல்ல மனிதர், பாசக்காரர், மறுத்துப் பேசினால் மட்டும் அவருக்கு முகம் சுருங்கிவிடும். கம்பனியிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

பணிப்பாளர் சுற்றி வளைக்கவில்லை. மூன்று பேருக்கு மூன்று விதமான பெருநாள், மூன்று விதமான படிப்பு, மூன்று விதமான வீட்டுப் பாஷை. ஒருவர் நினைப்பது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. படத்துக்கு நன்றாக இருக்கிறது, வேலைக்கு உதவவில்லை என்றார்.

"ஆய்வுகூடத்திலிருந்து ஸபீனாவையும் அஸ்மியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடமே படித்தவர்கள். உங்கள் துறைதான். மற்ற இருவரையும் மரியாதையாக விடுவித்து, கம்பனியைத் திருத்தி எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த பக்டீரியாவைப் பயன்படுத்த நாங்கள் தந்த அனுமதியைத் திரும்பப் பெற வேண்டி வரும்."

பக்டீரியா பல்கலைக்கழகத்தின் சொத்து. அனுமதி போனால் கம்பனியிடம் மிஞ்சுவது வெறும் போத்தல்தான்.

பேராசிரியர் குனிந்து, மெதுவாக, "மகள், ரெண்டும் நம்மட பிள்ளையள். சொன்னாச் சொன்ன மாதிரிக் கேக்கும். உங்களுக்கு லேசாயிருக்கும்" என்றார்.

பல வருடங்களாக இவர் 'மகள்' என்றால் ஹிதாயாவின் தலை தானாக ஆடும். அன்றும் ஆடத்தான் பார்த்தது. ஆனால் செத்த இறாலின் நாற்றம் இன்னும் அவள் மூக்கில் இருந்தது. கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்தது.

"ஏலாது சேர்."

அறையில் யாரும் அந்தச் சொல்லை எதிர்பார்க்கவில்லை, அவள் உட்பட.

"குளம் செத்தது எங்கட பிழை. அத ஒத்துக்கொள்றன். ஆனா அவங்க ரெண்டு பேரையும் வெளிய போடுறல்ல. இன்னொரு தரம் குஞ்சு விட்டு வளக்க விடுங்க. அதுவும் செத்தா அனுமதிய எடுங்க, கம்பனியையும் எடுங்க, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

பணிப்பாளர் பேனாவை மூடினார். ஒரே ஒரு வளர்ப்புக்கு இணங்கினார். நடுவில் சொல்லாமல் வந்து பார்ப்போம், ஸபீனாவும் அஸ்மியும் பல்கலைக்கழகத்தின் சார்பில் குளத்தடியில் நிற்பார்கள் என்றார். அதாவது மாற்று ஆட்களை இப்போதே கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துகிறார் என்பது அவளுக்கு விளங்காமல் இல்லை.

யாகப்பு இன்னொரு குளம் தருவாரா என்பதுதான் அடுத்த பயம். அவர் தந்தார். பாசத்தில் அல்ல. "இறாலச் சாகடிச்சுப்போட்டு ஓடலாம் எண்டு பாக்கிறியளோ? ஒரு குளம் வளத்துக் காட்டிப்போட்டுத்தான் நீங்கள் இந்த இடத்த விட்டுப் போகலாம்" என்று கையை நீட்டிச் சொன்னார்.

*

புத்தளம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் கம்பனியின் ஒற்றை அறை. ஹிதாயா போனபோது மற்ற இருவரும் வந்திருந்தார்கள். றொபி எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கி வைத்திருந்தான், ஹலால் கடையில், பையையும் பெயர் தெரியும்படி திருப்பி வைத்திருந்தான். ஷானிகா தன் கதிரையை விட்டு எழும்பி, காற்றாடிக்கு நேரே இருந்த அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தாள்.

விஷயத்தைச் சொன்னாள். உடனே இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

"என்ட பிழை. நான் திரும்பியிருக்கக் கூடாது" என்றான் றொபி.

"இல்ல அண்ணா, நான்தான் நீங்க வரும்வரை இருந்து பாத்துட்டுப் போயிருக்கணும்."

"நீங்க என்ன செய்வீங்க தங்கச்சி, நான்தானே போகச் சொன்னனான்."

ஹிதாயா மேசையில் ஓங்கி அறைந்தாள். றோல்ஸ் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"போதும்! பிழையக் கூட நாங்க ஆளுக்காள் விட்டுக் குடுக்கிறம். இந்தப் பழக்கம்தான் குளத்தச் சாகடிச்ச. இண்டைக்கு இந்த அறையில சண்டை பிடிச்சே ஆகணும். ஆரும் நல்ல பிள்ளையா இருந்தா நான் இப்பவே கம்பனிய மூடுவன்."

இருவரும் அவளைப் பார்த்த பார்வையில், நோன்பு பிடித்துத் தலை சுற்றிவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தது. நோன்பு முடிந்து நாளாகிவிட்டிருந்தது.

"சரி, நானே தொடங்குறன். ஷானிகா, நீ பண்ணைக்காரர்கிட்ட என்ன சொல்லி விக்கிற? இந்த மருந்து போட்டாச் சக்கரம் பாதி நேரம் ஓடினாப் போதும் எண்டு. அது பொய். முதல் நாள் கேட்ட நேரமே எனக்குத் தெரியும் பொய்யெண்டு."

ஷானிகாவின் முகம் சிவந்தது. "தெரியும் எண்டா ஏன் அப்பவே சொல்லல்ல?"

"நீ மனம் நோவாய் எண்டு."

"றொபி அண்ணா பிழை விட்டா அவர் முகத்துக்கு நேர சொல்லுவீங்க, ஸபீனாக்குச் சொல்லுவீங்க..."

"எனக்கும் சொல்றல்ல" என்றான் றொபி குறுக்கே.

"எனக்கு மட்டும் பூப் போட்டமாதிரிக் கதைக்கிற! ஏன், நான் சிங்கள ஆள் எண்டா? நான் உங்கட கம்பனிக்கு வந்த விருந்தாளியா? அந்தப் பொய்ய நம்பித்தான் யாகப்பு அண்ணன் ஜெனரேட்டரத் திருத்தாம விட்டவர். என்ன நீங்க ஒரு வார்த்த ஏசியிருந்தா அவர் திருத்தியிருப்பார்!"

ஹிதாயாவுக்கு அது சுள்ளென்று பட்டது.

றொபி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். பிறகு சொன்னான்: "குளத்தில இறால் குஞ்சு கூடப் போட்டது. அளவுக்கு மிஞ்சி. குஞ்சு விட்ட அண்டைக்கே நான் கண்டனான்."

"அத ஏன் சொல்லல்ல?"

"அது உங்கட கணக்கு."

"என்ட கணக்கில்ல, சேர் தந்த கணக்கு. கூட எண்டு எனக்கும் தெரியும். அவருக்குத் தலையாட்டிப் பழகிட்டன். ஆனா நீங்க? நீங்க ஏன் வாய மூடிக்கிட்டு நிண்ட?"

கீழே இரும்புக் கடையில் யாரோ தகரம் வெட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலால் றொபி சொன்னான்.

"அந்த ஈஸ்டருக்குப் பிறகு எங்கட வீட்டில ஒரு சொல்லுச் சொன்னவை. அந்த முஸ்லிம் பிள்ளையோட வேல செய்றதெண்டாச் செய். ஆனா ஒரு வார்த்தை தடிச்சுப் போகக் கூடாது எண்டு. குண்டு வெடிச்ச கோயிலுக்க எங்கட சொந்தத்தில ரெண்டு பேர் இருந்தவை. நான் உங்களோட சத்தம் போட்டா, அது றொபி ஹிதாயாவோட சத்தம் போட்ட மாதிரி ஊருக்குக் கேக்காது. வேற மாதிரிக் கேக்கும். அதுதான்."

இதை அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை. ஒரே வான் வண்டியில் போய், ஒரே பார்சல் சோற்றைப் பிரித்துத் தின்று, ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போய், இந்த ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள்.

"என்ட உம்மாவும் அதேதான் சொன்ன" என்றாள் ஹிதாயா. "பதில் கதைக்காத, சிரிச்சிக்கிட்டு இரு, நாங்க இன்னொரு தரம் மூட்ட கட்ட ஏலாது எண்டு." அழுகை வந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. "அந்தப் பாவிகள் செஞ்சதுக்கு நானும் நீங்களும் இன்னும் எத்தின வருஷம் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கிற, றொபி? நான் அவங்கட ஆளில்ல. நீங்க என்னக் கும்பிடவும் வேணாம், பயப்படவும் வேணாம். கணக்குப் பிழையெண்டா, ஹிதாயா உனக்கு விசரா எண்டு கேளுங்க!"

றொபி திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"ஹிதாயா, உமக்கு விசரா? அவ்வளவு குஞ்ச ஆராவது ஒரு குளத்தில போடுவினமா?"

ஷானிகா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மூவரும் உண்மையாகவே சண்டை பிடித்தார்கள். கீழே கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று றொபி முதல் தடவையாக வாய் திறந்து சொன்னான். நோன்பில் பகலில் நிற்கமாட்டேன் என்று ஹிதாயா சொன்னாள். "பௌர்ணமிப் போயாவுக்கு நான் வரமாட்டன், மற்ற எல்லா லீவுக்கும் நான்தான் காவல் எண்டு ஆர் எழுதி வச்ச?" என்று ஷானிகா கத்தினாள். இறங்கிப் போகும்போது ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: யாராவது ஒருவர் மறுத்துப் பேசாமல் குளத்தடியில் எந்த வேலையும் நடக்கக்கூடாது.

*

அதன் பிறகு குளத்தடி சந்தையானது. தீனி எவ்வளவு என்று சண்டை, சக்கரத்தை எங்கே வைப்பது என்று சண்டை. யாகப்பு தலையில் கை வைத்துக்கொண்டு, "முந்தி நல்ல மாதிரி இருந்த பிள்ளையள்" என்று காவல்காரனிடம் முறையிட்டார். இறால் குஞ்சு குறைவாகத்தான் விட்டார்கள். ஜெனரேட்டரைத் திருத்தும் வரை ஷானிகா அவரை விடவில்லை. ஸபீனாவும் அஸ்மியும் மட்டும் ஒரு சத்தமில்லாமல், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துகொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு குளக்கட்டில் நடந்தார்கள். தங்கமான பிள்ளைகள்.

பணிப்பாளரின் வாகனம் வந்தது, முந்திய நாள் முழுக்க வானம் மூடிக் கிடந்து, காலையிலும் வெளிக்காத ஒரு நாளில். பேராசிரியரும் இறங்கினார். படம் எடுக்க ஒருவரும் கூட வந்திருந்தார். மருந்து ஊற்றுவதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தவணைப்படி அன்று ஊற்ற வேண்டிய நாள்தான்.

ஸபீனா தண்ணீரின் மேல்மட்டத்தை அளந்து, "சரியாயிருக்கு மிஸ்" என்றாள்.

"அப்ப ஊத்துவம்" என்றாள் ஹிதாயா. ஸபீனா தலையாட்டினாள். அஸ்மி தலையாட்டிவிட்டுப் போத்தலைத் திறக்கப் போனான். பேராசிரியரும் தலையாட்டினார்.

"மூடு அத!" மறுகரையிலிருந்து றொபி ஓடிவந்தான். அடியில் இறக்கிவைத்த தன்னுடைய அளவுகருவி கையில் இருந்தது. "மேலால பாத்துச் சொல்லாதேங்கோ. நேத்து முழுக்க வெயிலில்லாம அடியில காத்தே இல்ல. இதுக்க உம்மட பக்டீரியாவையும் ஊத்தினா இருக்கிற காத்த அது குடிச்சுப்போடும். மதகத் திற, வாய்க்கால் தண்ணிய எடுப்பம்."

"விருந்தாளிகள் நிக்கிற நேரம்..." என்று தொடங்கினாள் ஹிதாயா.

"விருந்தாளியள் ஆர் இப்ப? இறால் சாகப் போகுது!"

அவன் மதகுப் பக்கம் ஓட, ஷானிகா குறுக்கே பாய்ந்தாள். "எபா! எபா! திறக்க வேணாம்!" போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிங்களப் பண்ணைக்காரரின் குழுவில் காலையிலிருந்து ஒரே கூச்சல். வாய்க்காலின் மேல் பக்கத்தில் யாரோ வெள்ளைப்புள்ளி நோய் வந்த குளத்தை விடியற்காலையில் திறந்து விட்டுவிட்டார்களாம். "இந்தத் தண்ணிய எடுத்தா எல்லாம் முடிஞ்ச. இருக்கிறத இப்பவே வலை போட்டு அள்ளி விப்பம்!"

"வலையப் போட்டா அடிச்சேறு கிளம்பும், ஒரு இறால் மிஞ்சாது. உனக்கு விக்கிற ஒண்டுதான் தெரியும்!" ஹிதாயா கத்தினாள்.

"உங்களுக்கு ஊத்துற ஒண்டுதான் தெரியும்!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்கோ, ஜெனரேட்டரையும் போட்டு மிச்சச் சக்கரத்தையும் ஓட விடுவம்!" என்றான் றொபி.

"அதத்தான் நானும் சொல்ல வந்த!" என்றாள் ஹிதாயா.

"எங்க சொன்ன நீர்?"

மருந்து ஊற்றவில்லை. மதகு திறக்கவில்லை. வலையும் விழவில்லை. அன்றைய தீனியை நிறுத்தி, இருந்த சக்கரங்கள் எல்லாவற்றையும் ஓடவிட்டார்கள். படம் எடுக்க வந்தவர் எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் மரத்தடியில் போய் உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு முன் வெயில் வந்தது. கரையோரம் மேலே வந்து தத்தளித்த இறால்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்குப் போயின. யாகப்பு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

பணிப்பாளர் குடையைச் சுருக்கினார். "நான் பார்த்தது இதுதான். மூன்று பேரும் வந்தவர்களுக்கு முன்னால் நின்று ஆளையாள் கத்தினீர்கள். உங்கள் சொந்த மருந்தையே ஊற்றவில்லை. இதை நான் எப்படி ஒரு குழு என்று எழுதுவது?"

ஹிதாயாவின் உடுப்பெல்லாம் சேறு. முக்காட்டிலும் சேறு. "சேர், நாங்க மரியாதையா நடந்த நாள்தான் இறால் செத்த. இண்டைக்குச் சாகல்ல. அப்பிடியே எழுதுங்க." பிறகு திரும்பினாள். "ஸபீனா, இஞ்ச வா. காலையில நான் ஊத்துவம் எண்ட நேரம் நீ என்ன நினைச்ச?"

ஸபீனா பேராசிரியரைப் பார்த்தாள். பிறகு ஹிதாயாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ட முகத்தில ஒண்டும் எழுதியில்ல. சொல்லு."

"பிழையெண்டு நினைச்ச மிஸ்." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மூடிக் கிடந்த நாளுக்கு அடுத்த நாள் காலையில ஊத்தக் கூடாது எண்டு நீங்கதான் எங்களுக்குப் படிப்பிச்ச."

"அப்ப ஏன் தலையாட்டின?"

"நீங்க சொன்னதால."

ஹிதாயாவுக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் வரவில்லை. அந்தத் தலையாட்டலை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடங்கள் அவளே ஆட்டிய தலை.

"சேர்," என்றாள் பேராசிரியரிடம், "நம்மட பிள்ளையள், சொன்னாக் கேக்கும் எண்டு சொன்னீங்க. கேட்டுதுதான். இண்டைக்கு இவங்க மட்டும் என்னோட நிண்டிருந்தா, நாங்க எல்லாரும் ஒரே மனசா, சந்தோஷமா, இந்தக் குளத்தச் சாகடிச்சிருப்பம். போன குளத்தில நீங்க தந்த குஞ்சுக் கணக்கு அளவுக்கு மிஞ்சினது. எனக்குத் தெரியும். உங்கட மகள் எண்டபடியா நானும் தலையாட்டின."

பேராசிரியரின் முகம் சுருங்கியது. அவள் பார்வையை எடுக்கவில்லை.

"நீங்க என்னோட ஒருநாளும் இப்பிடிக் கதைச்சதில்லையே, மகள்."

"இல்ல சேர். இனிக் கதைப்பன்."

அவர் குனிந்து தண்ணீருக்குள் இறால்களைப் பார்த்தார். பிறகு பணிப்பாளரிடம், ஹிதாயாவுக்குக் கேட்கட்டும் என்றோ கேட்கக் கூடாது என்றோ இல்லாமல், "அனுமதி இருக்கட்டும். ஆக்கள மாத்தச் சொன்னது என்ட யோசனைதான், அத விடுங்க" என்றார். பணிப்பாளர் தோளைக் குலுக்கினார், ஆனால் மறுக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடம்தான். ஹிதாயா வாயைத் திறந்தாள். அதற்குள் மறுகரையிலிருந்து றொபி கையை ஆட்டிக் கூப்பிட்டான், நடுச் சக்கரத்தை இடம் மாற்றப் போகிறானாம். ஷானிகா அதற்கும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏலாது! அத அங்க வைக்க ஏலாது!" என்று இங்கிருந்தே கத்திக்கொண்டு, இரண்டு பெரியவர்களையும் குளக்கட்டிலேயே விட்டுவிட்டு அவள் சேற்றில் இறங்கி நடந்தாள். ஸபீனா ஒரு கணம் தயங்கினாள். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினாள்.

"மிஸ், அதுவும் பிழை மிஸ்! றொபி சேர் சொல்றதுதான் சரி!"